பழைய பெட்டியைத் தேற்றுவதா, ரீஃபர்ப் வாங்குவதா, போர்டையே மாற்றுவதா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று வழிகளைச் சொல்வார்கள். இருக்கிற பெட்டிக்கு எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்) ராமும் (வேலை நினைவகம்) போட்டு ஓட்டலாம். கம்பெனிகளிலிருந்து கழித்துவிட்ட ரீஃபர்ப் பெட்டி ஒன்றை எடுத்துப் போகலாம். இல்லையென்றால் கேபினட்டை வைத்துக்கொண்டு உள்ளே போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் மாற்றிவிடலாம். மூன்றையும் என் வீட்டு மேசையில் செய்து பார்த்திருக்கிறேன், அல்சூரில் தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். வேகத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் மூன்றாவதுதான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. நான் வேறொரு அளவுகோலை வைத்திருக்கிறேன்: இன்று காசு போட்டு வாங்கும் உதிரி அடுத்த பெட்டிக்கும் கூட வருமா, இல்லை இந்தப் பெட்டியோடு செத்துவிடுமா?

நான் அதிகம் திறந்து பார்த்த ரகத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2014 வாக்கில் அசெம்பிள் செய்தது: ஐ5-4590 பிராசஸர், எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) முடிந்ததும், இந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வர ஆரம்பித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசஸரும் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஐ5-4590 நான்காம் தலைமுறை.

தேற்றும் வழியில் முதல் செலவு எஸ்எஸ்டி. அதைப் பற்றி எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஹார்ட் டிஸ்க் பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 150 எம்பி வரை கொடுக்கும். ஆனால் விண்டோஸ் எழும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் தட்டின் மேல் ஊசி இடம் மாற வேண்டியிருப்பதால் வேகம் வினாடிக்கு ஒரு எம்பிக்கே திண்டாடும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. பிராசஸரைத் தொடாமலே பெட்டி புதிது போல ஆவதற்குக் காரணம் இதுதான். எச்81 போர்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நான்கு சாட்டா போர்ட் (டிஸ்க் கேபிள் செருகும் இடம்) இருந்தாலும் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். பெரும்பாலும் நிறத்தில் வித்தியாசம் காட்டியிருப்பார்கள். கைக்கு எட்டியதில் கேபிளைச் செருகிவிட்டால் எஸ்எஸ்டியின் உச்ச வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

ராம் என் அளவுகோலில் வேறு கதை. இந்தப் போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ராம் புதிய போர்டு எதிலும் உட்காராது. 4-ஐ 8 ஆக்குங்கள், அது நியாயம், செகண்ட்ஸில் மலிவாகவே கிடைக்கும். அதற்கு மேல் போகாதீர்கள். அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) ஐ7-4790 போடலாம் என்பார்கள். நான்கு கோர் எட்டு த்ரெட் ஆகும், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை நடத்தும், உண்மைதான். ஆனால் விண்டோஸ் 11 பட்டியலில் அதுவும் இல்லை, புதிய போர்டுக்கும் போகாது.

கேம் ஆட வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டு பக்கம் திரும்புகிறவர்கள் முதலில் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வருவதில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட், அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றே 185 வாட் கேட்கும், பிராசஸருக்கு 84 வாட் தனி. இப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ் சாகும்போது போர்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். அதனால் கார்டு வாங்குவதற்கு முன்பே ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (வெண்கலத் தரம்) என்ற மின்திறன் முத்திரை உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை, புதிதாக, பில்லோடு வாங்கச் சொல்வேன். அந்த எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் அசெம்பிள் செய்யும் எந்தப் பெட்டிக்கு மாறினாலும் கூட வரும்.

இனி ரீஃபர்ப். ஐடி கம்பெனிகள் நிறைந்த ஊர் என்பதால், நான்கைந்து வருடம் ஓடி முடித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 2018-இல் வந்த 8-ஆம் தலைமுறை ஐ5-8500 உள்ள பெட்டிதான் நான் சொல்லும் குறைந்தபட்சம்: ஆறு கோர், 65 வாட், டிடிஆர்4, விண்டோஸ் 11-க்கு முறையான தகுதி. ஏசி அறையில் இருந்து வந்தவை என்பதால் உள்ளே தூசும் அதிகம் இருக்காது. அதே திறனைப் புதிய உதிரிகளில் சேர்க்கப் போனால் ரீஃபர்ப் விலைக்குள் முடியாது.

இந்தப் பெட்டி உதிரியாகப் பிரியாது. பிரச்சினை அதில்தான் இருக்கிறது. டெல் போர்டில் வழக்கமான 24 பின் மின் இணைப்பு இல்லை, அவர்களுடைய சொந்த இணைப்பு. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் தனி, முன்பக்க பட்டன் கேபிளும் தனி. நீங்கள் ஆசையாக வாங்கிய 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே வைக்க மாற்றுக் கேபிள் தேட வேண்டும், சின்ன கேபினட் என்றால் வைக்கவே இடம் இருக்காது. கடையில் “சின்னதா எடுங்க சார், மேசையில இடம் மிச்சம்” என்று ஒல்லியான எஸ்எஃப்எஃப் ரகத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். அதற்குள் அரை உயரக் கார்டுதான் நுழையும், 200 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் தனி மின் இணைப்பு கேட்கும் கார்டு எதையும் ஓட்ட முடியாது. அதே விலைக்குப் பக்கத்திலேயே டவர் ரகம் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றை அதில் பிற்பாடு போடலாம், தனி மின் கேபிள் கேட்காத மாடலாகப் பார்த்து.

வாங்கும் இடத்திலேயே பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் போர்டை இயக்கும் மென்பொருள்) போய்ப் பாருங்கள். கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். ‘டெஸ்டிங் வாரண்டி’ எத்தனை நாள் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வழி ஏஎம்4, அதாவது ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் உட்காரும் சாக்கெட் உள்ள போர்டுக்கு மாறுவது. நான் மனதார நேசிக்கிற வழியும் இதுதான், காரணம் அந்த சாக்கெட்டின் வரலாறு. 2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தபோது வாங்கிய பல போர்டுகளில், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரை பயாஸ் அப்டேட் மட்டும் செய்து ஓட்டலாம். இதே காலத்தில் இன்டெல் என்ன செய்தது? 8-ஆம் தலைமுறைக்கு சாக்கெட் பெயரை 1151 என்றே வைத்துக்கொண்டு வேறு போர்டு கேட்டது, 2020-இல் 1200, 2021-இல் 1700 என்று மாற்றிக்கொண்டே போனது. வீட்டில் கழற்றி மாட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. பிராசஸரை மட்டும் மாற்றுவதா, போர்டு, ராம் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போடுவதா என்பதை சாக்கெட்தான் முடிவு செய்கிறது.

ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட் உள்ள ரைசன் 5 5600-ஐ பி450 போர்டில் வைத்தால் வீட்டு வேலை, கேம், வீடியோ எடிட்டிங் எல்லாம் தாராளமாக ஓடும். கிராபிக்ஸ் கார்டு கையில் இல்லாதவர்கள் 5600ஜி எடுக்கலாம், அதற்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. ஆனால் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 5600-இல் 32 எம்பி, 5600ஜி-யில் அதில் பாதி. பிற்பாடு நல்ல கார்டு போடும்போது இந்தக் குறை தெரியும். போர்டு செகண்ட்ஸில் வாங்கினால் பயாஸ் எந்த வெர்ஷன் என்று கேளுங்கள். 2018-இல் வந்த பி450 போர்டில் பழைய பயாஸ் அப்படியே இருந்தால் 5600 போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கும். அங்கேயே ஒரு பழைய ரைசனை வைத்து அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

ஏஎம்4-இல் ஒரே ஒரு உண்மையான ஆபத்து உண்டு. இன்டெலில் பின்கள் போர்டில் இருக்கும், இதில் பிராசஸரின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. பிராசஸரின் சூட்டை இழுக்கும் கூலரை நேராக மேலே இழுத்தால், இரண்டுக்கும் நடுவே தடவிக் காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கழற்றுவதற்கு முன் ஏதாவது கனமான வேலையைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூலரின் கொக்கியை எடுத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். ஒட்டு விட்டது கைக்கே தெரியும், அப்புறம் தூக்குங்கள். செகண்ட்ஸ் பிராசஸர் வாங்கும்போதும் பின் வரிசையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பின் சாய்ந்திருந்தாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 பற்றியும் கேட்பீர்கள். 2027 வரையாவது அந்த சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் என் அளவுகோலில் அது நன்றாகவே நிற்கிறது. ஆனால் டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டதில் ராம் விலை எகிறிவிட்டது. டிடிஆர்4-உம் ஏறியது. அதனால் இப்போது ரீஃபர்ப் பெட்டியில் ஏற்கெனவே 16 ஜிபி டிடிஆர்4 இருந்தால், அந்த ராமுக்காகவே அதன் மதிப்பு கூடுகிறது. டவர் ரகமென்றால் அது முழு அளவு ராம் ஸ்டிக்தான், பின்னாளில் ஏஎம்4 போர்டிலும் உட்காரும்.

யாருக்கு எது? பக்கத்துத் தெரு செல்வி அக்கா வந்து, “தம்பி, பொண்ணு பியூசி படிக்கிறா, ப்ராஜெக்ட் டைப் பண்ணணும், கிளாஸ் பாக்கணும், அவ்ளோதான்” என்றார். அவருக்கு ஐ5-8500 டவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அந்த வீட்டில் யாரும் திருப்புளி பிடிக்கப் போவதில்லை, பிரியாத பெட்டியே அவர்களுக்கு நிம்மதி. பழைய எழுத்துருக்களில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் மட்டும் போட்டு, பாதுகாப்புக்காக இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். அங்கே பெட்டியை மாற்றினால் மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்து தகராறு செய்யும். கழற்றி மாட்டுவதில் ஆசை இருக்கிறவர்கள், கேம் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் என் பதில் ஏஎம்4. காசு ஒரே மூச்சில் இல்லையா? இந்த மாதம் எஸ்எஸ்டி, அடுத்து எஸ்எம்பிஎஸ், பிறகு போர்டு செட் என்று போங்கள். முதலில் வாங்கிய இரண்டும் வீணாகாது.

போர்டை மாற்றியதும் மிஞ்சும் எச்81, ஐ5-4590, டிடிஆர்3 மூன்றையும் தனித்தனியாக விற்காதீர்கள். அந்தக் காலத்துப் பிராசஸர் சந்தையில் குவிந்து கிடக்கிறது, சாவது போர்டுதான். வேலை செய்யும் போர்டோடு செட்டாக, பின்பக்கத் தகட்டையும் மறக்காமல் சேர்த்துக் கொடுத்தால், போர்டு செத்துப்போய்க் காத்திருக்கும் யாராவது நல்ல விலைக்கு வாங்குவார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொடுக்காதீர்கள். முழுவதுமாக அழித்துவிட்டு, போட்டோக்களின் இன்னொரு பிரதி வைக்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.