14 மாதமாக என் ‘டென்ஷனை’ப் பிரித்து எழுதுகிறேன்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பட்டறைக்காரர்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பது, கொலுசாகத் திரும்பி வந்ததும் மறுபடி எடை போடுவது, சேதாரம் கழித்துக் கூலி போடுவது. கிராம் கணக்கில் நான் கறார். ஆனால் மனசு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: “ஒரே டென்ஷன்.”

அண்ணன் மகள் சைக்காலஜி முதுகலை படிக்கிறாள். படிப்புக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். போனில் ஒரு நாளைக்கு ஆறு தடவை, எப்போது என்று சொல்லாமல் மணி அடிக்கும். அந்த நிமிடத்தில் கோபம், வருத்தம், பயம், பதற்றம் என்று பத்து உணர்வுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். 14 நாள் போதும் என்றாள்.

“டென்ஷனுக்குக் கட்டமே காணோமேடி?”

“அதுக்குத்தான் அத்தை உங்களைப் பிடிச்சேன்.”

14 நாள் முடிந்தும் நான் நிறுத்தவில்லை. இப்போது 14 மாதம் ஆகிறது. பைசா செலவில்லை, ஒரு இலவசச் செயலியும் எக்செலும்தான்.

இது எதை அளக்கிறது என்பதில் எனக்கே முதலில் குழப்பம். எவ்வளவு கோபப்படுகிறோம் என்பது இதற்கு முக்கியமே இல்லை. கோபத்தையும் வருத்தத்தையும் நாம் வேறு வேறாக உணர்கிறோமா என்பதுதான் கேள்வி. லிசா ஃபெல்ட்மன் பேரட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் தொடங்கிய ஆராய்ச்சி இது. சிலருக்கு மனசு கெட்டால் எல்லாக் கட்டமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சிலருக்கு ஒன்று ஏறும்போது மற்றது கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

என் முதல் வாரத் தாளில் செவ்வாய்க்கிழமை 11.40க்கு இருப்பது: கோபம் 70, வருத்தம் 70, பதற்றம் 75, குற்ற உணர்வு 65. வியாழன் 4.10க்கு 20, 20, 25, 20. அண்ணன் மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நாலையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. இந்தச் சேர்ந்தோடும் குணத்தை ஐ.சி.சி. என்ற எண்ணில் சொல்கிறார்கள். 1-ஐ நெருங்க நெருங்க, பெயர்தான் நாலு, மனசுக்குள் எல்லாம் ஒன்று என்று பொருள். எனக்கு 0.86 வந்தது.

ஐ.சி.சி. இரண்டு வாரத்துக்குச் சேர்த்து ஒரே எண் தரும். இந்த நிமிடம் எவ்வளவு பிரித்து உணர்ந்தேன் என்று அதில் தெரியாது. பெல்ஜியத்தில் லுவென் பல்கலைக்கழக ஆட்கள் ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் தனித்தனியாக எண் போடும் ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தச் சூத்திரத்தை எக்செலில் போட்டுக் கொடுத்தாள். எனக்கு நிஜமாகப் பயன்பட்டது அதுதான். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம், ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில், எண்களெல்லாம் மறுபடி ஒட்டிக்கொண்டன. நெருக்கடி கூடினால் பிரித்து உணர்வது மங்கும் என்று அதே லுவென் குழு 2018-லேயே எழுதியிருக்கிறது. எப்போது பிரித்துப் பார்க்க வேண்டுமோ அப்போதுதான் முடியாமல் போகிறது, என்ன செய்ய!

ஏழாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறைக்காரர் கொண்டுவந்த கொலுசில் நாலு கிராம் குறைந்தது. முதலாளி நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்து, “நீ கொடுக்கும்போது சரியாப் பார்த்தியா?” என்றார். பத்து நிமிடத்தில் மணி அடித்தது. பழைய பழக்கத்தில் கோபத்துக்கு 80 போடக் கை போனது. போடவில்லை. யார் மேல் கோபம் என்று யோசித்தால் பட்டறைக்காரர் மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கோபம் 25, பயம் 10, அவமானம் 85. அதற்கு முன்னாலெல்லாம் அந்த ஆளைத்தான் பிடித்துக் கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்தவில்லை. மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலாளியிடம், “ஐயா, சந்தேகம் இருந்தா என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்புறம் தனியாகத்தான் கேட்கிறார்.

இன்னொன்று கொஞ்சம் வெட்கமான கண்டுபிடிப்பு. பகல் பன்னிரண்டரை வாக்கில் அடிக்கும் மணிகளில் எரிச்சல் எப்போதும் 50-க்கு மேல். சாயங்காலம் தட்டுவடை செட் தின்ற பிறகு அடித்தால் 15. இத்தனை வருடம் மாமியார் மேல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எரிச்சலில் பாதி, பசி. ‘பசி’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஏற்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போகும்போதும் இதே கதை. இருபது கொண்டை ஊசி வளைவில் பதின்மூன்றாவதில் மணி அடித்தால் பதற்றம் 60 என்று போட்டிருக்கிறேன். அது பதற்றம் இல்லை, குமட்டல்.

குறைகளும் உண்டு. ஆரம்பத்தில் இருந்த பத்துச் சொற்களும் இங்கிலீஷிலிருந்து பெயர்த்தவை. நாம் நாள் முழுக்கப் புழங்கும் ஆதங்கம், மனத்தாங்கல், கடுப்பு எதுவும் அதில் இல்லை. அவள் ஆராய்ச்சி முடிந்ததும் நானே மாற்றிக்கொண்டேன். மனத்தாங்கல் உறவுக்காரர்கள் மேல் மட்டும்தான் வருகிறது, கடுப்பு பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மேலும் வருகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். மெய்ப்பாடு என்றால் உடம்பில் வெளியே தெரியும் உணர்வு. மொத்தம் எட்டு, ஒவ்வொன்றும் பிறக்க நாலு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அது செய்யுளுக்காகச் சொன்னது, மனசை அளக்கச் சொன்னதில்லை. இருந்தாலும் வருத்தம் என்று எழுதும்போது ‘இளிவா, இழவா’ என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன்: என்னை யாராவது மட்டமாக நடத்தியதாலா, எதையாவது இழந்ததாலா? பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது.

அப்புறம், ஒரு நாளைக்கு ஆறு தடவை மணி என்பது அதிகம். தராசில் வெள்ளி இருக்கும்போது அடித்தால் நான் எதையோ போட்டுவிடுவேன். எல்லாவற்றுக்கும் 0 போட்ட நாட்களும் உண்டு, அந்த நாளின் எண்ணை நம்ப முடியாது. மலையில் சிக்னல் இல்லாமல் மணிகள் சேர்ந்து சேர்ந்து, இறங்கினதும் ஐந்து ஒன்றாக அடிக்கும்.

இப்போது என் ஐ.சி.சி. 0.5 பக்கத்தில். நான் தேறிவிட்டேனா என்றால் அதிலும் ஒரு இடறல். இப்படித் தினமும் பலமுறை கேட்டுக்கொண்டிருந்தாலே பிரித்து உணர்வது கூடுகிறது என்று கேட்டி ஹோமன், பேரட், கேரன் குவிக்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2021-ல் எழுதினார்கள். ஆக, அளக்கிற தராசே சரக்கை மாற்றுகிறது. கடையில் அப்படி ஒரு தராசு இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம். இதை நான் வைத்துக்கொண்டேன்.

யாருக்கு வேண்டாம் என்றால், ஏற்கெனவே மனசைத் தோண்டித் தோண்டித் தூக்கம் கெடுகிறவர்களுக்கு. என் தங்கை நாலே நாளில் விட்டுவிட்டாள், அவளுக்கு அதுதான் சரி.

நான் மணியை இரண்டாகக் குறைத்துவிட்டேன். கடைசிக் கட்டம் ஒன்று வைத்திருக்கிறேன், ‘பெயர் தெரியவில்லை’ என்று. நேற்று ராத்திரி அம்மாவின் பழைய கொலுசை உருக்கக் கொடுக்கலாமா என்று கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அடித்தது. அதில் 90 போட்டேன்.