பழைய லப்டொப்புக்கு லினக்ஸ் மின்ட் போட்டுப் பாத்தன்

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட அப்டேற் நிண்டுட்டுது, என்ர லப்டொப்பில பிராசசர் பழசு, 11 ஏறாது, ராமும் 4 ஜிபிதான், சரி எண்டு விண்டோசுக்குப் பதிலாப் போடுற இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டில, பழைய மெஷினுக்குப் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தன். அதை இன்ஸ்டால் பண்ணுற ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி, மல்லாவியில ஃபோன் டேட்டாவில இரவிரவா இறக்கி, ரூஃபஸ் எண்ட சொஃப்ட்வெயாரால, லப்டொப் அதில இருந்தே தொடங்கிற மாதிரி 8 ஜிபி பென் டிரைவில எழுதினன்.

எனக்குப் பிடிச்சதே லைவ் மோட்தான். டிஸ்கில கை வைக்காம பென்னிலயே ஓடும், வைஃபை, சவுண்ட், கீபோர்ட் எல்லாம் தட்டிப் பாத்திட்டு, சரி எண்டா மட்டும் டெஸ்க்டொப்பில கிடக்கிற இன்ஸ்டால் ஐக்கனை அமத்தலாம். ஆனா லைவில மாத்தினதெல்லாம் ரீஸ்டார்ட்டோட போயிடும், நான் அரை மணித்தியாலம் செற்றிங் நோண்டின பிறகுதான் உது விளங்கினது!

டிஸ்க் கேக்கிற பக்கத்தில மட்டும் அவசரப்படாதேங்கோ. 'இரேஸ் டிஸ்க்' எண்டு குடுத்தா உள்ள எல்லாத்தையும் துடைச்சிடும், கலியாண வீட்டுப் படமெல்லாம் முதலே வெளியில கொப்பி பண்ணி வையுங்கோ. விண்டோசும் வேணுமெண்டா பக்கத்தில போடுற ஒப்ஷன் இருக்கு. பற்றறி ஃபுல்லா சார்ஜ் போட்டிட்டுத் தொடங்குங்கோ, எங்கட பக்கம் மாரி மழைக்கு கரண்ட் எப்ப போகும் எண்டு தெரியாது, டிஸ்கைப் பிரிச்சு பார்ட்டிஷன் எழுதேக்க லப்டொப் நிண்டா பெரிய சோலி.

எனக்கு அரை மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சுது. தம்பி ஓஎல் பாஸ்ட் பேப்பர் பாக்க, படம் பாக்க இது தாராளமாக் காணும். பெரிய கேம் விளையாடுற ஆக்கள் எண்டா யோசிச்சுப் போடுங்கோ.