சி.டி.ஆர்.ஐ. பதிவகம்: பதிவதற்கு அருமை, தேடுவதற்குப் பெரும்பாடு

மருத்துவ பிஜி (மேற்படிப்பு) மாணவர்களில் பெரும்பாலானோருக்கு, இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ. என்றால் தீசிஸுக்கு ஒரு நம்பர் வாங்கும் இடம், அவ்வளவுதான். அப்படி நினைத்து உள்ளே போனால் எரிச்சல்தான் மிஞ்சும். புரோட்டோகாலில், அதாவது ஆய்வுத் திட்டத்தில், எங்கே ஓட்டை என்று நோயாளியைத் தொடுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் படிவம் அது. அந்தக் கண்ணோடு பார்த்தால், கட்டணமே இல்லாமல் கிடைக்கும் சேவைகளில் இது உருப்படியான ஒன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் இந்தப் பதிவகம் 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் அலுவலகமான டி.சி.ஜி.ஐ. பதிவைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் ஏற்ற முதன்மைப் பதிவகம் என்பதால் இந்த எண் இருந்தால் வெளிநாட்டு ஜர்னல்களும் ஏற்கும். அலோபதி, சித்தா, ஆயுர்வேதம் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். சிகிச்சை எதுவும் தராமல் கவனிக்க மட்டும் செய்யும் அப்சர்வேஷனல் ஆய்வையும் பதியலாம். வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு இது இடமல்ல. அதற்கு ப்ராஸ்பெரோ என்ற தனிப் பதிவகம் இருக்கிறது.

பலர் சிக்குவது தேதியில். 2018 ஏப்ரல் 1 முதல் நோயாளி சேர்ப்பதற்கு முன்னால் மட்டும்தான் பதிய முடியும். முதல் நோயாளியைச் சேர்த்துவிட்டால் கதவு மூடியாயிற்று. அமெரிக்கச் சட்டம் முதல் நபர் சேர்ந்த 21 நாளுக்குள் பதிய இடம் தருகிறது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அவகாசம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். படிவத்தைச் சமர்ப்பித்ததும் ‘ரெஃப்’ என்று தொடங்கும் எண் ஒன்று வரும். அது வெறும் விண்ணப்ப எண். பதிவு எண் ‘சி.டி.ஆர்.ஐ.’ என்றுதான் தொடங்கும். பின்னால் ஆண்டு, மாதம், ஆறு இலக்கம். ரெஃப் எண்ணை நம்பி நோயாளி சேர்த்தால் ஆய்வின் கதை அங்கேயே முடிந்தது. இடையில் அவர்கள் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அது ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றும் போகலாம். ஆகவே முதல் சேர்க்கைத் தேதியைச் சில வாரம் தள்ளியே போடுங்கள். எதிக்ஸ் கமிட்டிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்; அதில் உள்ள தலைப்பும் படிவத்தில் உள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்.

படிவத்தின் உயிர்நாடி நடுவில் வரும் மூன்று கட்டங்கள். நோயாளிகளைக் குலுக்கல்முறையில் சிகிச்சைக் குழுக்களாகப் பிரிக்கும் ரேண்டம் வரிசையை எப்படி உருவாக்கினீர்கள், அதை எப்படி மறைத்தீர்கள், எவருக்கு எந்தச் சிகிச்சை என்பதை யாருக்குத் தெரியாமல் வைத்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறது. முதல் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளாத ஆய்வாளர் குறைவு. முதலாவதில் ‘கம்ப்யூட்டர்’ என்று தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டாவதில் ‘திறந்த பட்டியல்’ அல்லது ‘கேஸ் ரெக்கார்ட் எண்’ என்று போடுகிறார்கள். அடுத்து வருபவருக்கு எந்தச் சிகிச்சை என்று சேர்ப்பவருக்கே முன்கூட்டித் தெரிந்தால் கம்ப்யூட்டர் போட்ட வரிசையால் என்ன பயன்? பின்னால் ரிஸ்க் ஆஃப் பயஸ் 2 என்ற, ஆய்வில் ஒருதலைச்சார்பு எவ்வளவு என்று அளக்கும் கருவியை வைத்து மதிப்பிடுபவர், மறைப்பு இல்லை என்று கண்டதுமே முதல் டொமைனில் (பிரிவில்) ‘ஹை’ போட்டுவிடுவார்.

சிறிய மருத்துவமனையில் நடைமுறைக்கு ஒத்துவருவது வரிசை எண்ணிட்ட, ஒட்டிய, ஒளி புகாத உறைதான். சாதாரணப் பழுப்புக் கவரை விளக்கில் காட்டினால் எழுத்து தெரியும்; உள்ளே அலுமினியத் தாள் வையுங்கள். கூடவே ஒரு கார்பன் தாள். பிரிக்கும் முன் உறையின் மேல் நோயாளி பெயரும் தேதியும் எழுதினால் அது உள்ளே உள்ள சீட்டிலும் பதிந்துவிடும்; பிடிக்காத சீட்டை மாற்றிவைக்க வழியில்லை. வரிசையைத் தயாரித்தவர் நோயாளி சேர்ப்பவராக இருக்கக் கூடாது.

மூன்றாவது கட்டத்தில் ‘டபுள் ப்ளைண்ட்’ என்று மொட்டையாக எழுத விடாதது நல்ல ஏற்பாடு. பங்கேற்பவரா, ஆய்வாளரா, விளைவை அளப்பவரா என்று ஆளைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டுப் பட்டியலான கன்சார்ட் கேட்பதும் இதையேதான். 30 அம்சங்கள் கொண்ட 2025 பதிப்பை வைத்துக் கட்டுரை எழுதும்போது இந்தப் பக்கத்திலிருந்து பாதி விவரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதன்மை விளைவில் ‘வலி குறைதல்’ என்று எழுதாதீர்கள். ‘அறுவைக்குப் பின் 24-ஆம் மணி நேரத்தில், அசையும்போது, 100 மி.மீ. விஏஎஸ் அளவில் வலி மதிப்பெண்; இரு குழுக்களின் சராசரி வித்தியாசம்’ என்று எழுதுங்கள் (விஏஎஸ் என்பது வலியை நோயாளியே ஒரு கோட்டில் குறிக்கும் அளவுகோல்). நேரத்தைச் சொல்லாமல் விட்டால் 6, 12, 24 மணி என்று அளந்து, நன்றாக வந்ததை மட்டும் கட்டுரையில் போட வழி திறந்துவிடும். அப்படிச் செய்தாலும் மறைக்க முடியாது. ஒவ்வொரு பதிவிலும் மாற்றங்களின் வரலாறு யாரும் பார்க்கும்படி இருக்கிறது. சாம்பிள் சைஸை எப்போது குறைத்தீர்கள், எந்த விளைவைத் தூக்கி மேலே வைத்தீர்கள் என்பதெல்லாம் தேதியோடு தெரியும். இந்த ஒரு வசதிக்கே தளத்துக்கு நல்ல மார்க் போடலாம்.

தேடல் பக்கம் போனால் கதை வேறு. ரிவ்யூ எழுதுபவர் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போடும் நீண்ட தேடல் வரியை இங்கே போட்டால் வேலைக்காகாது. ஒற்றைச் சொல்லாகப் போட்டு, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் ஒருமுறை, அமெரிக்க எழுத்துக்கூட்டல் ஒருமுறை என்று தேட வேண்டும். பல நாட்டுப் பதிவகங்களை ஒன்றுசேர்க்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.ஆர்.பி. தளத்திலும் இதே பதிவுகள் வரும். மொத்தமாக இறக்க அதுவே வசதி. ஆனால் அங்கே வந்துசேரத் தாமதமாகும் என்பதால் கடைசிச் சில மாதங்களுக்கு மூலத்தளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கிடைத்த எண்ணிக்கையை, ரிவ்யூவுக்கான வழிகாட்டியான பிரிஸ்மா 2020-இன் ஃப்ளோ படத்தில் ‘டேட்டாபேஸ்’ வரியில் சேர்க்காமல் ‘ரெஜிஸ்டர்’ வரியில் போடுங்கள். ஒரே ஆய்வுக்கு இங்கே ஒன்று, அமெரிக்கப் பதிவகமான கிளினிக்கல்டிரையல்ஸ் தளத்தில் ஒன்று என இரண்டு எண் இருப்பதும் உண்டு, இரண்டாக எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கத் தளம் போல முடிவுகளை அட்டவணையாக இங்கே எதிர்பார்க்கவும் வேண்டாம்.

முடிவு வேண்டுமென்றால் ஆய்வாளருக்குத்தான் எழுத வேண்டும். அதில்தான் இன்னொரு சிக்கல்: தொடர்பு விவரத்தில் மாணவர் தன் சொந்த ஈமெயிலைப் போட்டிருப்பார், மூன்று வருடத்தில் படிப்பு முடிந்து போயிருப்பார், பதிவு ‘இன்னும் சேர்க்கை தொடங்கவில்லை’ என்றே கிடக்கும். அறிவியல் கேள்விக்கான கட்டத்தில் கைடின் பெயரையும் துறையின் ஈமெயிலையும் கொடுங்கள். கொடுக்கும் ஃபோன் நம்பரை ஊரே பார்க்கும் என்பதால் சொந்த செல் நம்பருக்குப் பதில் துறை நம்பரே போதும்.