டபுள் டிராகன்: கொமடோரா, ஸ்பெக்ட்ரமா, அமீகாவா?

டெக்னோஸ் ஜப்பான் நிறுவனம் 1987இல் ஆர்க்கேட்டுக்கு (காசு போட்டு ஆடும் கடை மெஷினுக்கு) செய்த அடிதடி வீடியோ கேம் டபுள் டிராகன், 1988இலேயே மெல்போர்ன் ஹவுஸ் வெளியீடாக கொமடோர் 64, ஸ்பெக்ட்ரம், ஆம்ஸ்ட்ராட் சிபிசி, அமீகா முதலிய வீட்டுக் கொம்பியூட்டர்களுக்கு வந்துவிட்டது. இன்று விளையாட எந்தப் பதிப்பைப் போடலாம்? ஆர்க்கேட்டில் குத்த ஒன்று, உதைக்க ஒன்று, பாய ஒன்று என மூன்று பட்டன். வீட்டு ஜொய்ஸ்டிக்கில் ஒன்றுதான். பட்டனை அமத்திக்கொண்டு திசையை மாற்றித்தான் அத்தனை அடியும் எடுக்கவேண்டும். மூல ஆட்டம் மட்டும் போதும் என்பவர்கள் மாமே எமுலேட்டரில் (பழைய மெஷின்போல இன்றைய கொம்பியூட்டரை நடக்கவைக்கும் மென்பொருள்) ஆர்க்கேட் பதிப்பைப் போடலாம். ஆள் கூடினால் அங்கும் ஆட்டம் இழுபடும். அது உங்கள் கொம்பியூட்டரின் குற்றமல்ல, மூலமே அப்படித்தான்.

கொமடோர் 64 பதிப்புத்தான் அதிகம் பேச்சு வாங்கியது. ஆட்களின் இடுப்பில் ஒரு கோடு வெட்டினதுபோல இடைவெளி தெரியும். அந்த மெஷினில் எட்டே எட்டு ஸ்பிரைட் (சிப்பே தனியாக வரைந்து நகர்த்தும் சிறு படம்), ஒவ்வொன்றின் உயரம் 21 புள்ளி. ஒரு ஆளுக்கு அது காணாது. அதனால் மேல் உடம்பு ஒரு ஸ்பிரைட், கால் இன்னொன்று. இரண்டு வீரர்களும் எதிரிகளும் ஒன்றாக நின்றால் எட்டுத் தாண்டிவிடும். அப்போது மேல் பாதியைத் திரை வரைந்து முடித்ததும் அதே ஸ்பிரைட்டைக் கீழே இறக்கிக் காலுக்குப் பாவிக்கவேண்டும். மாற்றுவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரம்தான் இடுப்பில் கோடாகத் தெரிகிறது. 1991இல் ஓஷன் இதே மெஷினுக்குக் கார்ட்ரிட்ஜில் வேறொரு பதிப்பு விட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்பெக்ட்ரமில் ஸ்பிரைட்டே இல்லை, எல்லாம் மென்பொருள் வரைவது. 8×8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம் என்பதால் ஆட்கள் நிற்கும் சுவரின் நிறத்தையே பூசிக்கொள்வார்கள். கூட்டத்துக்குள் யார் யாரென்று பிரித்துப் பார்ப்பது சிரமம். ஆனால் திரைக்கு 6,912 பைட்தான், வரையும் வேலை குறைவு. ஆம்ஸ்ட்ராட் சிபிசியில் நிறம் தாராளம், திரையோ 16 கிலோபைட். இரண்டு மெஷினுக்கும் மூளையான இசட்80 சிப் இங்கே இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கவேண்டும்.

பார்வைக்கு ஆர்க்கேட்டுக்குக் கிட்ட நிற்பது அமீகா. சண்டை மந்தம்தான், என்றாலும் இரண்டு பேர் சேர்ந்து விளையாட முதலில் இதைப் போடுங்கள். எமுலேட்டரில் ஏ500 மொடல், கிக்ஸ்டார்ட் 1.3 (அமீகாவின் தொடக்க மென்பொருள்), 512 கிலோபைட் சிப் ராம், இன்னொரு 512 ஸ்லோ ராம் என வையுங்கள்.

1990இல் கரண்ட் போன யாழ்ப்பாணத்துக்கு இந்த மெஷின்கள் அந்தக் காலத்தில் எட்டவில்லை. இப்போது லண்டன் வீட்டுப் பரணில் கிடந்தது சூட்கேசில் வந்து சேரலாம். வோல்டேஜ், மூன்று முனைப் பிளக், பால் (PAL) முறை ரீவி மூன்றும் இங்கே ஒத்துப்போகும். சிக்கல் அடாப்டரில்தான். கொமடோரின் கறுப்புப் பெட்டிக்குள் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் ஏறி ராம் சிப்பை எரித்துவிடும். மல்டிமீட்டரில் 5.25க்கு மேல் காட்டினால் செருகவே வேண்டாம். உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் கழற்றித் திருத்தவும் ஏலாது. ஸ்பெக்ட்ரம் 9 வோல்ட்டுக்கு நடு முனை மைனஸ். ரவுணில் வாங்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். பார்க்காமல் குத்தினால் உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்ட் எரிந்துபோகும்.

எமுலேட்டரில் அசைவு விட்டுவிட்டுத் துள்ளினால், ஆட்டம் 50 ஹேர்ட்சிலும் மொனிட்டர் 60இலும் ஓடுகின்றன என்று அர்த்தம். எச்டிஎம்ஐயில் ரீவியைக் கொழுவி 50க்கு மாற்றுங்கள். வைசில் (கொமடோர் எமுலேட்டர்) ஜொய்ஸ்டிக் வேலைசெய்யாவிட்டால் இரண்டாம் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்; டேப் ஏறும் நேரத்தை ஆல்ட்-டபிள்யூ அமத்திக் கடத்தலாம், ஆட்டம் வந்ததும் வேகத்தைக் குறைக்க மறுபடி அமத்தவேண்டும். ஒரே லப்டொப் கீபோர்டில் இரண்டு பேர் அடித்தால் மூன்றாம் நாலாம் விசை பதியாமல் போகும். ஒருவருக்காவது யூஎஸ்பி கேம்பாட் கொடுங்கள்.