டோல்கேட் பக்கம் ஒரு நெட் சென்டர்: வெப் டெவலப்பர் எழுதும் ரிவ்யூ

இந்தக் காலத்தில் நெட் சென்டருக்கு யார் ரிவ்யூ எழுதுவார்கள் என்று கேட்கலாம். என் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, பிழைப்பே வெப்சைட் கட்டுவதுதான். ஆனாலும் டோல்கேட் மெட்ரோவில் இறங்கி காலடிப்பேட்டை பக்கம் நடந்தால் வரும் இந்தக் கடைக்கு நான் ரெகுலர். முதலில் பிரிண்ட் எடுக்கப் போனேன். இப்போதெல்லாம் பிரிண்ட் ஒரு சாக்கு. எங்களைப் போன்றவர்கள் செய்துவைக்கும் பக்கங்களோடு ஜனங்கள் மல்லுக்கட்டுவதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க மெட்ராஸில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கடை சின்னது. வாசலில் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே நாலு சிஸ்டம், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு கலர் பிரிண்டர். ஏசி கிடையாது. ஃபேன் சத்தம் அதிகம், காற்று குறைவு. சுவர் ஓரம் இருக்கும் நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு பக்கம் சாய்கிறது. மணிக்கு 30 ரூபாய், கருப்பு வெள்ளை பிரிண்ட் 5 ரூபாய். உள்ளே போனதும் அடையாள அட்டை கேட்டு நோட்டில் பெயர் எழுதச் சொல்வார்கள். முறைத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி அந்தப் பதிவை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். தடுப்புப் பலகைகூட நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. இங்கே தடுப்பே இல்லை, அதனால் அந்தக் கவலையும் இல்லை.

நாலு சிஸ்டத்தில் இரண்டில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2020 ஜனவரியில். அதில் குரோம் பிரவுசர் 109ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. பழைய பிரவுசரில் ஒரு பக்கம் எப்படித் தெரியும் என்று பார்க்க அந்த இரண்டும் எனக்குத் தங்கம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு விதிக்குள் இன்னொரு விதியை எழுதும் நெஸ்டிங் வசதி குரோமில் வந்தது 112ஆம் பதிப்பில்தான். புது மேக்புக்கில் உட்கார்ந்து அப்படி எழுதித் தள்ளிய ஒரு ஸ்டார்ட்அப்பின் பக்கத்தை இங்கே ஒரு பெரியவர் அதில் திறந்திருந்தார். மெனு பாதிப் பக்கத்தை மூடியிருந்தது, சமர்ப்பி பட்டன் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. அவர் மவுஸைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தார். கடைக்கார அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னா தம்பி, இதையும் உன்ன மாதிரி ஒருத்தன்தானே செஞ்சிருப்பான்?” என்றார். பதில் சொல்லாமல் பிரவுசரை 50 சதவீதத்துக்குச் சுருக்கிக் காட்டினேன். பட்டன் எட்டிப் பார்த்தது.

இந்தக் கடையின் உண்மையான சரக்கு அந்த அக்காதான். கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம். வங்கித் தேர்வுக்கு அறிவிப்பு வந்தால் தியாகராயா கல்லூரிப் பிள்ளைகள் வரை இங்கே வந்து நிற்பார்கள். விண்ணப்பம் கேட்பதைப் பாருங்கள்: போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி, இடது பெருவிரல் ரேகை தனி, அதற்கு மேல் ஆங்கிலத்தில் கைப்பட எழுதிய உறுதிமொழி ஒன்று. கையெழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் செல்லாது. இந்த அளவெல்லாம் மானிட்டருக்கு மேலே சுவரில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறது. மேஜையில் ஒரு இங்க் பேட், நூலில் கட்டிய கருப்புப் பேனா, விரல் துடைக்க ஒரு பழைய துணி. பையன் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறான். அக்கா ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டி, தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 18 கேபியில் நிறுத்துகிறார். தேநீர் ஆறுவதற்குள் நாலு ஃபைலும் ரெடி.

பெரிய போட்டோவைக் கொடுத்தால் பிரவுசரே சுருக்கிக்கொள்ளும்படி செய்ய முடியும். பிரவுசருக்குள் இருக்கும் கேன்வாஸ் என்ற வரைபலகையில் வரைந்து ஜேபெக்காகத் திருப்பி எடுக்க இருபது வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். அந்த இருபது வரியை யாரும் எழுதாததால் ஊருக்கு ஊர் இப்படி ஒரு கடைக்கு வருமானம். அக்காவின் வருமானத்தில் மண் போட எனக்கு ஆசையில்லை. அதனால் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

ஓஎம்ஆர் பக்கம் ஸ்டார்ட்அப் மீட்டிங்குகளில் பயனர் இவர்தான் என்று ஒரு ஸ்லைடு போடுவார்கள். இணையத்தில் எடுத்த சிரித்த முகம், 34 வயது, கையில் புதுப் போன், நேரம் பொன் போன்றது. அந்த ஆளை நான் இந்தக் கடையில் பார்த்ததில்லை. இங்கே வந்த ஒரு அம்மாவுக்கு பேங்க் கணக்கோடு இணைத்திருந்த போன் நம்பர் வீட்டுக்காரருடையது. அவர் ஹார்பரில் வேலையில் இருக்கிறார். ஓடிபி அவருக்குப் போகிறது. “இன்னாய்யா, நம்பர் வந்துச்சா? சொல்லுய்யா சீக்கிரம்” என்று இந்தப் பக்கம் கத்தல், அந்தப் பக்கம் லாரி சத்தம். திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆறு எண்ணில் நாலு கேட்டது, மீதி கேட்கவில்லை, நேரம் முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. போனும் படிவமும் ஒரே ஆள் கையில் இருக்கும் என்று நினைத்துத்தானே நாங்கள் அந்தக் கடிகாரத்தை வைக்கிறோம்? காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் என்பது சாதாரணம்.

இந்த ஊருக்கும் நெட் சென்டருக்கும் பழைய பந்தம். 1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்த நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. 1999இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான முதல் இந்திய இணைய நிறுவனம் சத்யம் இன்ஃபோவே, பின்னால் சிஃபி ஆனது. சென்னைக் கம்பெனிதான். ஐவே என்று அவர்கள் நடத்திய சென்டர்களில் பொழுதைப் போக்கியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். இரண்டாயிரங்களில் தமிழில் பிளாக் எழுதியவர்கள் பலர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள். தமிழில் அடிக்க உதவும் இ-கலப்பை மென்பொருளை இறக்கி, மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்து, கரண்ட் போவதற்குள் பிளாகரில் ஏற்றியவர்கள். மீட்டர் ஓடியதால்தானோ என்னவோ வளவள என்று எழுதவில்லை. 2016இல் ஜியோ வந்தபின் பிரவுஸ் பண்ண மட்டும் நெட் சென்டருக்கு யாரும் வருவதில்லை. பிழைத்த கடைகள் பிரிண்டையும் விண்ணப்பத்தையும் பிடித்துக்கொண்டன.

நானும் இன்னும் பிளாக் எழுதுகிறேன். நியூஸ்லெட்டர், சந்தா, பாப்-அப் எதுவும் கிடையாது, வெறும் எச்டிஎம்எல். புதுப் பதிவு போட்டால் இங்கே வந்து விண்டோஸ் 7இல் ஒருமுறை திறந்து பார்ப்பேன். படிக்க முடிந்தால் சரி. பிளாக்குகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013இல் மூடியபோது பிளாக் செத்துவிட்டது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அப்படி எழுதிய இடமும் பிளாக்தான்.

தமிழ் டைப்பிங்குக்கும் இந்தக் கடை நல்லது. கீபோர்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும், ஆனால் எல்லா சிஸ்டத்திலும் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருள் உண்டு. தமிழ்99, பொனடிக், பழைய டைப்ரைட்டர் என எந்த முறையில் வேண்டுமானாலும் அடிக்கலாம். மனு அடித்துத் தரச் சொன்னால் அக்கா யூனிகோடில் அடித்துத் தருவார். யாராவது யூனிகோட் அல்லாத வானவில் ஃபான்ட்டில் அடித்த பழைய ஃபைலைக் கொண்டுவந்தால் முதலில் பிடிஎஃப் ஆக்கிவிடுவார். அப்படியே மெயிலில் அனுப்பினால் போனில் கிறுக்கலாகத் தெரியும் என்று அவருக்கு அனுபவம்.

குறை இல்லாமல் இல்லை. எல்லோரும் கடை வாட்ஸ்அப் நம்பருக்குத்தான் ஆவணங்களை அனுப்புகிறார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் பாதித் திருவொற்றியூரின் ஆதார் அங்கே கிடக்கிறது. மின்-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டு அடிக்கிறார். நான் சொல்லிப் பார்த்தேன். “நைட்டு மொத்தமா அழிச்சுடுவேன் தம்பி” என்கிறார். ரீசைக்கிள் பின் நிறைந்து வழிகிறது. நீங்கள் போனால் பிரிண்ட் வந்ததும் அங்கேயே நின்று, ஃபைலையும் ரீசைக்கிள் பின்னையும் வாட்ஸ்அப் சாட்டையும் அழிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமென்றால் அதையே இறக்குங்கள். உங்கள் மெயிலைத் திறப்பதாக இருந்தால் குரோமில் மூடியதும் தடயம் தங்காத கெஸ்ட் விண்டோவில் திறங்கள்.

ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுப்பேன். ஒன்று அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்காகக் குறைத்தது. விண்ணப்பத்தின் கடைசித் தேதியன்று போகாதீர்கள், வரிசை ரோடு வரை நிற்கும், அந்தப் பக்கம் சர்வரும் படுத்துவிடும். காலை பத்து மணி வாக்கில் போனால் விண்டோஸ் 10 இருக்கும் சிஸ்டம் கிடைக்கும். விண்டோஸ் 7 இரண்டும் பெரும்பாலும் காலிதான், அதில் யாரும் உட்கார விரும்புவதில்லை.