கொம்பா, உடம்பா: ஆண் மானின் வயதை எதை வைத்துச் சொல்வது?

டெக்சாஸ் வெண்வால் மானைப் பார்த்ததும் எல்லாரும் கொம்பின் கிளைகளைத்தான் எண்ணுகிறார்கள், ஆனால் அது வருஷா வருஷம் விழுந்து புதிதாக முளைப்பது, மழை பொய்த்து மேய்ச்சல் குறைந்தால் 5 வயது மானுக்கும் சிறுத்துப்போகும், நல்ல தீனி கிடைத்தால் இளசுக்கும் பெருத்துவிடும். உடம்பு அவ்வளவாக ஏமாற்றாது. ஒன்றரை வயதில் நீண்ட கால், மெல்லிய கழுத்து, கொம்பு முளைத்த பெண் மான் மாதிரியே இருக்கும். மூன்றரையில் மார்பு நன்றாக இறங்கும், வயிறு மட்டும் இன்னும் இறுக்கம், பந்தயக் குதிரை போல. ஐந்தைத் தாண்டினால் கழுத்தும் மார்பும் ஒன்றாகி, முதுகு குழிந்து, வயிறு தொங்கி, கால்கள் குட்டையாகத் தெரியும். என் ஓட்டு உடம்புக்குத்தான். அப்புறம், இணைசேரும் பருவத்தில் கழுத்து வீங்கும், அதனால் கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வயதை முடிவு செய்யாதீர்கள்.