பழைய இன்டெல் மேக்கா, புதிய எம் சிப் மேக்கா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர்கள் தவிக்கும் கேள்வி இது. ஆப்பிளின் மேக் கணினிகளில் இன்டெல் சிப்புக்குப் பதிலாக ஆப்பிளின் சொந்த எம்1 சிப் 2020 நவம்பரில் வந்தது. பாட்டுப் பதிவு மென்பொருளான லாஜிக் புரோ உடனே அதற்கேற்ப மாறியது. அதே வகை மென்பொருளான கியூபேஸ் 2022இல்தான் மாறியது. தயாரித்தவர்களால் கைவிடப்பட்ட சில பிளகின்கள் (பதிவு மென்பொருளோடு சேர்த்து ஓட்டும் துணை நிரல்கள்) இனி மாறப்போவதும் இல்லை.

செலவு: பழையது கையில் இருந்தால் செலவில்லை. புதியதில் கணினி விலையோடு சில பிளகின்களின் புதுப்பிப்புக் கட்டணமும் சேரும்.

வேகம்: இங்கே போட்டியே இல்லை. பம்பை, உடுக்கை, பின்பாட்டு என டிராக்குகளை அடுக்கினால் பழைய மடிக்கணினியின் விசிறி இரைந்து, அந்த இரைச்சலும் மைக்கில் பதிவாகிவிடும். எம் சிப் மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. மின்சாரம் போனாலும் பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

பழைய பிளகின்: இன்டெலில் அப்படியே ஓடும். புதியதில், இன்டெலுக்காக எழுதியதை எம் சிப்பில் ஓடவைக்கும் ஆப்பிளின் ரொசெட்டா 2 தேவை; பல மென்பொருள்களை முழுவதுமாக அதன் வழியே திறக்க வேண்டும், வேகம் குறையும்.

ஆயுள்: இன்டெல் மேக்குக்கு இயங்குதளத்தில் மேக்ஓஎஸ் 26தான் கடைசி என ஆப்பிள் அறிவித்துவிட்டது.

பழைய கோப்புகளைத் திருத்தும் வேலையே அதிகம் என்றால் இன்டெல் மேக்கின் இயங்குதளத்தைப் புதுப்பிக்காமல் அப்படியே வைத்திருங்கள். புதிதாகத் தொடங்குபவர் எம் சிப்பையே வாங்கட்டும். அதற்கு முன் உங்கள் பிளகின்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.